ஏழடி ஓஸ்

மேசையில் ஒன்பது ஓஸ் கிடக்கிறது, முக்குளிக்கிறவருக்குக் காற்றுக் கொண்டுபோகிற ரப்பர் குழாய், வேண்டியது நாலுதான். ஒன்று என் வீட்டுக்காரர் மூச்சுக்கு, ஒன்று கூட வருகிறவனுக்கு மூச்சு முட்டினால் அவனுக்கு, ஒன்று சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கேஜுக்கு, ஒன்று ஜாக்கெட்டில் காற்று ஊத. நாலும் சிலிண்டர் வாயில் பூட்டும் பித்தளைத் தலையிலிருந்து கிளம்பி, முதுகைச் சுற்றி, தோளைத் தாண்டி, எங்கும் புடைக்காமல், எங்கும் சிக்காமல் போய்ச் சேரவேண்டும். கேஜின் ஓஸ் தனி. அதன் மரை பெரியது, சிலிண்டரின் முழு அழுத்தமும் அதற்குள் நிற்கும். மற்ற மூன்றும் சின்ன மரை, தலை அழுத்தம் குறைத்து அனுப்புகிற காற்றை மட்டும் எடுத்துப் போகும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்ட முடியாது. அப்படி முடியாதபடி செய்துவைத்தவன் புத்திசாலி. நீளத்துக்குத்தான் அவன் ஒன்றும் செய்துவைக்கவில்லை. எந்த நீளத்தையும் பூட்டலாம், பூட்டுகிறவள் இஷ்டம். இரண்டேகால் மணி. சிலிண்டரில் காற்றுப் பிடிக்க ஹார்பர் பக்கம் போயிருக்கிறார், நாலரைக்குள் வந்துவிடுவேன் என்றார். போகும்போது சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். எட்டு மாதமாக அப்படித்தான், என்னிடம் எதையும் கேட்காமல், எனக்கு எந்த வேலையும் வைக்காமல், விருந்துக்கு வந்த வீட்டில் நடப்பதுபோல நடக்கிறார். நாளைக் காலை ஏழு மணிக்குக் கடலுக்குள் இறங்கப்போகிறார். எட்டு மாதம் கழித்து முதல்தடவை. ரீகன் என்று ஒருத்தன் கூட இறங்குகிறான், முப்பது வயது, ரெண்டு பிள்ளை. நேற்று வாசலில் நின்று, "மெற்றி அக்கா, அண்ணனுக்கு நீங்கதான செட்டு கோக்குறிய? அப்பொ எனக்குப் பயமில்ல" என்று சிரித்துவிட்டுப் போனான். பயமில்லையாம்.

ஓஸைப் பற்றி எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னே பதினோரு வருஷம், டிப்பர் லாரிக்கும் கிரேனுக்கும் ஆயில் ஓஸ் வெட்டி முனை அடிக்கிற பட்டறையில் வேலை பார்த்தவள் நான். ஓஸ் நடுவில் சாகாது, முனையில்தான் சாகும். உலோகம் ரப்பருக்குள் நுழைகிற அந்த ஒரு விரற்கடை. அதனால் முதலில் முனையில் போட்டிருக்கும் கறுப்பு உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கவேண்டும். ஓஸ் மடங்காமல் காப்பாற்ற என்று அந்த உறையைப் போடுகிறார்கள், அது உப்பைப் பிடித்துவைத்து, வெடிப்பையும் மறைத்துவைக்கும். இதோ இந்த ஓஸில் உறைக்கடியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. தூரப் போடு. இது நைலான் பின்னல் போட்டது, மெத்தென்று வளையும், எடை இல்லை, பார்க்க அழகு, ஆனால் நம்மூர் வெயிலில் நாலு வருஷம் கிடந்தால் உள்குழாய் உதிர ஆரம்பிக்கும், வெளியே தெரியாது. வேண்டாம். ரப்பர் போதும். ரப்பர் கெட்டுப்போனால் காட்டிக்கொடுத்துவிடும், மறைக்காது. கேஜுக்குள்ளதைத் தனியே வைத்தால் மீதி ஆறு. ஆறையும் நேராக நீட்டி அளவுநாடா வைக்கிறேன். சென்டிமீட்டர் கணக்கில் அறுபது, எழுபது, எழுபத்தைந்து, எழுபத்தைந்து, தொண்ணூறு, நூறு. எழுபத்தைந்தை எடுத்த கை அங்கேயே நிற்கிறது. ஏன் நிற்கிறாய். அது வெறும் ஓஸ். மின்விசிறி மேலே கரகரவென்று சுற்றுகிறது, சிலிக்கான் கிரீஸ் வாசனை, பழைய நீர்மூழ்கிச் சட்டையின் ஈர ரப்பர் வாசனை, அந்த வாசனையில்தான் கஸ்பார் எப்போதும் வீட்டுக்குள் வருவான். "அக்கா, சோறு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே சட்டியைத் திறப்பான். கஸ்பார் என் தம்பி. எனக்கும் அவனுக்கும் மூன்று வயது வித்தியாசம். நான் நாற்பத்தொன்று. அவன் முப்பத்தெட்டு. அவன் இனி எப்போதும் முப்பத்தெட்டு.

கட்டிலுக்கடியில் ஒரு பையில் பத்தாவது ஓஸ் இருக்கிறது, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மாலத்தீவில் ஓட்டல்காரர்களின் படகில் ரெண்டு வருஷம் முக்குளித்துவிட்டுத் திரும்பியபோது கஸ்பார் வாங்கிவந்தது. ஏழடி. அதைத் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றான். நான் சிரித்தேன். இதென்னடா, வேலிக்குத் தண்ணி விடவா என்றேன். "சிரிக்காதக்கா. இது கூட வாறவனுக்கு. சின்ன ஓஸுன்னா ரெண்டு பேரும் மூஞ்சியோட மூஞ்சி ஒட்டிக்கிட்டுத்தான் நீந்தணும். இதுன்னா முன்னால ஒருத்தன் பின்னால ஒருத்தன் போகலாம்." அதை எப்படிப் போடுவது என்றும் காட்டினான். தலையிலிருந்து நேரே கீழே இறங்கி, வலது கைக்கடியில் வந்து, நெஞ்சின் குறுக்கே ஏறி, இடது தோளுக்கு மேல் கழுத்தைச் சுற்றி வாய்க்கு வரும். அதைத்தான் நாம் கடித்துக்கொண்டு மூச்சு விடவேண்டும். நமக்கான மாற்று ஒன்று சின்ன ஓஸில் கழுத்தடியில் ரப்பர் கயிற்றில் தொங்கும். கேட்டு வருகிறவனுக்கு நம் வாயில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டு, கழுத்தில் தொங்குவதை நாம் எடுத்துக்கொள்ளவேண்டும். "வாயில இருக்கதத்தான் குடுக்கணும். அதுல காத்து வருதுன்னு நமக்கே தெரியும்லா. முட்டி வாறவனுக்குச் சோதிச்சுப் பாக்க நேரம் இருக்காது." நான் அதைச் சுருட்டிப் பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். இங்கே வேலை எல்லாம் கயிறும் கம்பியும், கப்பலடி, தூண், பாசி, இவ்வளவு நீளம் எதிலாவது சுற்றிக்கொள்ளும் என்றேன். அது நியாயம்தான். இப்போதும் நியாயம்தான். அவனும் விட்டுவிட்டான், எதையும் பிடித்து வைத்துச் சண்டை போடத் தெரியாதவன்.

அந்தத் தோணி. எட்டு மாதத்துக்கு முன் சிமெண்டு ஏற்றிக்கொண்டு தீவுக்குப் புறப்பட்டுத் துறைமுகத்துக்கு வெளியிலேயே மூழ்கி உட்கார்ந்துவிட்டது. பதினொரு மீட்டர் ஆழம், அது ஓர் ஆழமே இல்லை. எஞ்சினைக் கழற்றி மேலே கொண்டுவர இவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள், என் வீட்டுக்காரர் பொனிபாசையும் கஸ்பாரையும். அத்தானும் மச்சானும் எப்போதும் ஜோடியாகத்தான் இறங்குவார்கள். மூன்றாம் நாள் பதினொன்றரை மணிக்கு ஒருவர் மேலே வந்தார். ஒருவனை வேறு ஆட்கள் போய்த் தூக்கிவந்தார்கள். காற்று தீர்ந்து மூச்சடைத்து மரணம் என்று எழுதினார்கள். சரிதான், கஸ்பார் கேஜைப் பார்க்கமாட்டான், இன்னும் ஒரு போல்ட்டுதான், இன்னும் ஒரு போல்ட்டுதான் என்று ஸ்பேனரோடு முக்கிக்கொண்டு நிற்பான். அவனுக்குத் தீர்ந்தது சரி. இவருக்குத் தீரவில்லையே. இவர் சிலிண்டரில் அறுபது பார் காற்று மிச்சமிருந்தது என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். அறுபது. இரண்டு பேர் பதினொரு மீட்டரிலிருந்து மேலே வர அதில் பாதி போதும். பக்கத்து வீட்டு இருதயம் அக்கா என் காதுபடவே சொன்னாள், "ரெண்டு பேரு இறங்கி ஒருத்தரு ஏறினா, ஏறினவருட்டத்தான கேக்கணும்" என்று. நான் கேட்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று கேட்டிருக்கலாம், அன்று அவர் முற்றத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன், நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தேன். நாளை வந்தது, சோறு வடித்தேன், குழம்பு வைத்தேன், போட்டேன், தின்றார். அப்படியே எட்டு மாதம். அம்மா எங்கள் வீட்டு வாசலில் கால் வைப்பதில்லை. அவன் கையால தண்ணி குடிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். நான் குடிக்கிறேன். ஒரே பாயில் படுக்கிறேன். நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் விட்டு. கொடுக்காமல் வந்த மனுஷனோடு படுத்திருக்கிறேன் என்று சில நாள் விழித்துக்கொண்டு நினைப்பேன். பிறகு அவர் இருமுவார், நான் எழுந்து தண்ணீர் எடுத்து வைப்பேன். எதற்கு வைக்கிறாய் என்று என்னையே கேட்பேன்.

நூறை எடுத்துவைத்துப் பார்க்கலாம். இந்த வேலைக்கு நூறு சரி, எல்லோரும் போடுவது அதுதான். நூறு போட்டால் ரீகனின் முகம் இவர் முகத்துக்கு ஒரு முழத்தில் இருக்கும். மூச்சு முட்டினவனுக்கு இன்னொருவர் ஆள் இல்லை, காற்று இருக்கிற மரம். ஏறிக்கொள்வான், கண்ணாடியைப் பிடுங்குவான், அமுக்குவான். எழுபத்தைந்து என்றால் இன்னும் கிட்டே. ஒன்றுமே போடாவிட்டால்? அப்படி ஒரு எண்ணம் வந்துவிட்டதே எனக்கு. கூட வருகிறவனுக்கான ஓஸை எடுத்துவிட்டு ஓட்டையை அடைத்து அனுப்பினால், கொடுக்கிறதா வேண்டாமா என்ற கேள்வியே அவருக்கு வராது, முழுசாகத் திரும்பி வந்துவிடுவார். ரீகனின் பெண்டாட்டி மார்க்கெட்டில் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், இடுப்பில் சின்னப் பிள்ளை, அதன் மூக்கில் சளி. என் மனசு எவ்வளவு கேவலமாகிவிட்டது. ஒருபக்கம் அவர் கொடுக்கவில்லை என்று பொருமுகிறேன், மறுபக்கம் யாருக்கும் கொடுக்கமுடியாதபடி கோக்கலாமா என்று நினைக்கிறேன். அவர் செத்திருந்தால் எனக்குப் போதுமாயிருந்திருக்குமா? ரெண்டு பேரும் வராமல் இருந்திருந்தால் நான் நிம்மதியாக அழுதிருப்பேனா? ஓ ரிங்கை, மூட்டில் காற்றுக் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையத்தை, துணியில் துடைத்து விரல்நுனியில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு மயிரிழை வெட்டு இருந்தாலும் காற்றுக் குமிழி விடும். இல்லை. கிரீஸ் கொஞ்சம், பளபளப்பு தெரிகிற அளவுக்குத்தான். மரையில் வைத்துக் கையால் திருகு, நிற்கும் இடத்திலிருந்து ஸ்பேனரில் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். பயத்தில் இறுக்குகிறவர்கள்தான் மரையை முறிப்பார்கள்.

முறியவில்லை, ஆனால் சரியாக வரவில்லை. இந்தப் புதுத் தலையில் ஓட்டை எல்லாம் பக்கவாட்டில் இருக்கிறது, எந்த ஓஸைப் பூட்டினாலும் காதுபோலப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. முழங்கை முனை ஒன்று வைத்துத் திருப்பலாம், திருப்பினால் இன்னும் ஒரு மூட்டு, இன்னும் இரண்டு ஓ ரிங், கெட்டுப்போக இன்னும் இரண்டு இடம். மூட்டு குறையக் குறையத்தான் நல்லது. ஓட்டைகள் சுழல்கிற தலை, அடியிலும் ஒரு ஓட்டை உள்ள தலை, அது ஒன்று இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், வந்ததிலிருந்து அந்தப் பக்கம் பார்க்காமலே பெருக்குகிறேன். போன வாரம் கேஸ் முடிந்து ஸ்டேஷனிலிருந்து அவர் கொண்டுவந்து மூலையில் வைத்த அட்டைப்பெட்டி. அன்று அவர் மாட்டியிருந்த செட்டு. அந்தத் தலையை எடுத்துச் சுத்தம் செய்து போடலாம், தலைமேல் குற்றம் ஒன்றும் இல்லை, பித்தளைக்கு என்ன தெரியும். கத்தியை எடுத்துச் சணலை அறுக்கிறேன். உள்ளே உப்பு வெள்ளையாகப் பொரிந்து கிடக்கிறது. அன்று கழுவாமலே கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறேன். கேஜ். ஜாக்கெட் ஓஸ். அவர் வாயில் வைத்திருந்தது. பிறகு மஞ்சள் மூடி போட்டது, கூட வருகிறவனுக்கானது. அதன் மவுத்பீஸ் நான் போட்டது, அந்த வேலைக்கு இறங்கும் முந்தின நாள் சாயங்காலம் புதுசாகப் பிரித்து, பிளாஸ்டிக் பட்டை இழுத்து, இந்த மேசையில்தான். அதற்கு முன் அதில் ஒரு வாயும் பட்டதில்லை. பல்லால் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் சின்ன நாக்குபோல இருக்கும். வலதுபக்க நாக்கு கிழிந்து தொங்குகிறது. கிழிந்ததில்லை, கடித்தது. பல்லுப்பல்லாகப் பதிந்து, ஒரு இடத்தில் துண்டே வெளியே வந்துவிட்டது. இடதுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். மொழுமொழுவென்று நான் போட்டது போலவே இருக்கிறது.

கஸ்பாருக்கு இடதுபக்கம் கடைவாய் மூன்றும் கிடையாது. மாலத்தீவிலேயே பிடுங்கிக்கொண்டு வந்தான். கறிவைத்தால் தலையை வலதுபக்கமாகச் சாய்த்துத்தான் மெல்லுவான், அம்மா திட்டுவாள், மாடு மாதிரி மெல்லாதல என்று. மவுத்பீஸை வெளிச்சத்தில் பிடித்திருக்கிறேன். மின்விசிறி சுற்றுகிறது. எங்கேயோ ஒரு மீன்வண்டி மணியடித்துக்கொண்டு போகிறது. இதைக் கடித்தது அவன். அவன் வாய்க்குள் இது போயிருக்கிறது. கொடுத்திருக்கிறார். கொடுத்திருக்கிறாரே! எட்டு மாதமாக நான் சோறு போட்ட மனுஷன் கொடுத்திருக்கிறார். இது சந்தோஷமா, சந்தோஷம் என்று சொல்லக் கூசுகிறது. அப்படியானால் ஏன். கொடுத்தவர் ஏன் வாயைத் திறக்கவில்லை. தெரு முழுக்கப் பேசியபோது, அம்மா மண்ணை வாரித் தூற்றியபோது, நான் குடுத்தேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. நான் அப்படிப் பார்த்த பார்வையை எல்லாம் எப்படி வாங்கிக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டாரா? அதுவும் வருகிறது எண்ணம். ஒரு எண்ணம் போனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வருகிறது. மணி பார்க்கவில்லை. கேட் திறக்கிற சத்தம், சிலிண்டர் சுவரில் உரசுகிற சத்தம், செருப்பைக் கழற்றுகிற சத்தம்.

தோளில் சிலிண்டரோடு வாசலில் நிற்கிறார். பெட்டி திறந்து கிடப்பதைப் பார்க்கிறார், என் கையைப் பார்க்கிறார். "கஸ்பாருக்குக் குடுத்தியளா?" என்று கேட்கிறேன். என் குரல் எனக்கே புதுசாக இருக்கிறது. சிலிண்டரை மெதுவாக இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார், உருளாமல் காலால் ஒரு துணியை அண்டை கொடுத்தார், பிறகு சொன்னார், "குடுத்தேன்." பிறகு என்ன ஆச்சு என்றேன். தரையில் உட்கார்ந்துகொண்டார். "எஞ்சின் ரூமுக்கும் கிடங்குக்கும் நடுவுல ஒரு வழி. ஒரு ஆளு நேராப் போகலாம், திரும்ப முடியாது. உள்ள வேல பாத்துக்கிட்டு இருக்கும்போது வந்து தோளத் தொட்டான். காத்து இல்லன்னு கழுத்துல கைய வச்சுக் காட்டினான். மஞ்சள எடுத்துக் குடுத்தேன். மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு நாலஞ்சு மூச்சு எடுத்தோம். அவன் கண்ணு அமைதியாயிட்டுளா. கட்டவிரலக் காட்டினான், மேல போவோம்னு." தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "அந்த வழில ரெண்டு பேரு சேர்ந்து வர முடியாது. நான் முன்னால, அவன் பின்னால. ஓஸு பத்தல. எங் கக்கத்துல அவன் தலைய வச்சுக்கிட்டாத்தான் பத்தும். அப்படியே ஒட்டிக்கிட்டு, நான் கொஞ்சம் அவன் கொஞ்சம்னு நகந்து நகந்து பாதி வழி வந்துட்டோம். பாதி வந்துட்டோம்ளா. அவன் சிலிண்டரு எதுலயோ மாட்டிட்டு. எனக்குத் தெரியல. நான் ஒரு எட்டு முன்னால போயிட்டேன்." கையை நீட்டி, விரலைச் சேர்த்து, வாயிலிருந்து எதையோ உருவுவதுபோல ஒரு முறை செய்து காட்டினார். "திரும்ப முடியல. பின்னாலயே தள்ளிப் போயி கைய விட்டுத் தடவினேன். தண்ணி எல்லாம் சிமெண்டு, ஒண்ணும் தெரியாது. கன்னம் கெடச்சுது, வாயி கெடச்சுது. வச்சேன். அமுக்கி வச்சேன். கடிக்கல."

எழுபத்தைந்து. அந்த மஞ்சளுக்கு முன்னால் நூறு சென்டிமீட்டர் ஓஸ் இருந்தது. புது மவுத்பீஸ் போட்ட அதே சாயங்காலம் அதைக் கழற்றிவிட்டு எழுபத்தைந்தைப் பூட்டியது நான். இடுப்புப் பக்கம் வளையம்போலத் தொங்குகிறது, கயிற்றில் மாட்டும், கட்டையாகப் போட்டால் உடம்போடு ஒட்டி நிற்கும் என்று. "என்னளா, ரொம்பக் கட்டையா இருக்கே?" என்று அவர் கேட்டார். "தொங்காது, மாட்டாது, போட்டுட்டுப் போங்க" என்றேன். செட்டைத் தூக்கிப் பிடித்து எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன். அது எனக்கு மறக்கவில்லை, எட்டு மாதமாக ஞாபகம் இருந்தது, ஆனால் ஒழுங்காகச் செய்த வேலையாகத்தான் ஞாபகம் இருந்தது. "அந்த ஓஸு நான் மாத்தினது" என்கிறேன். அவர் தலையைத் தூக்கவில்லை. "ஆமா" என்கிறார். "அதுக்காகவா எட்டு மாசம் வாயத் தொறக்கல?" என்றேன். அவர் சொன்னார், "எம்மேல கோவம்னா நீ சோறு திம்ப. உம்மேலயே கோவம்னா திங்க மாட்ட. எனக்குத் தெரியும்." நாற்காலி பின்னால் இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தேன், இருந்தது. "நூறு போட்டிருந்தாலும் எட்டியிருக்காது மெற்றி. நான் எத்தனையோ தடவ நெனச்சுப் பாத்துட்டேன். அந்த வழி நீளம்" என்கிறார். இருபத்தைந்து சென்டிமீட்டர். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. கக்கத்தில் இருந்த தலை இடுப்புக்கு வந்திருக்கும். ஒரு எட்டு வைத்தால் எவ்வளவு, முப்பதா, நாற்பதா, தண்ணீருக்குள் எட்டு என்பது எவ்வளவு. இடுப்பில் தலை இருந்து ஒரு எட்டு போயிருந்தால் ஓஸ் விறைத்திருக்கும், உருவியிருக்காது, விறைத்ததை அவர் விலாவில் உணர்ந்து நின்றிருப்பார். அல்லது உருவியிருக்கும். அல்லது கஸ்பார் கேஜைப் பார்த்திருப்பான். கட்டிலுக்கடியில் ஏழடி சும்மா கிடந்தது. இதற்கு ஒரு முடிவு கிடைக்காது. இனி நான் சாகிறவரை அந்த இருபத்தைந்தை அளந்துகொண்டே இருப்பேன், அளவுநாடா ஒன்றும் வேண்டாம் அதற்கு. அம்மாவிடம் போய்ச் சொல்லவேண்டும். அவர் கொடுத்தார் என்றும் சொல்லவேண்டும், ஓஸ் நான் மாற்றியது என்றும் சொல்லவேண்டும், ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வரக்கூடாது.

"நாளைக்கு நான் இறங்கல" என்றார் அவர். "இறங்குங்க" என்றேன். எழுந்தேன். கைக்கு வேலை தெரியும். பழைய தலையை வெந்நீரில் போட்டு உப்புக் கரைத்து, துடைத்து, ஓ ரிங் எல்லாம் மாற்றினேன். கட்டிலுக்கடியில் குனிந்து பையை இழுத்தேன். ஏழடியை நீட்டி, ஒவ்வொரு சாணாக வளைத்துப் பார்த்தேன், உறையைத் தள்ளி முனையைப் பார்த்தேன். புழங்காத ரப்பர், நன்றாக இருந்தது. தலையின் அடி ஓட்டையில் பூட்டினேன். நேரே கீழே இறங்கியது, எங்கும் புடைக்கவில்லை. அவருக்கான மாற்றுக்கு அறுபது, கழுத்தடியில் ரப்பர் கயிறு. வாளியில் தண்ணீர் வைத்து முக்கி, சிலிண்டரை மெல்லத் திறந்தேன். நான்கு மூட்டிலும் ஒரு குமிழிகூட வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "போட்டுப் பாக்கணும். நடந்து பாக்கணும்" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் இருதயம் அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து போகிறது, ஒரு ஆள் நேராகப் போகலாம், முதுகில் சிலிண்டர் இருந்தால் திரும்ப முடியாது. முதலில் அவர் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். தன் வாயிலிருந்ததை எடுத்து எனக்கு நீட்டிவிட்டுக் கழுத்தில் தொங்கியதைக் கவ்விக்கொண்டார். நான் அதைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன். குளிர்ந்த, வறண்ட, ஒரு வாசனையும் இல்லாத காற்று. இருதயம் அக்கா சன்னலில் வந்து நின்று, "ஏளா மெற்றி, என்ன இது வாயில?" என்றாள். இரண்டு பேராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கோடிவரை போனோம். ஓஸ் எங்களுக்கு நடுவில் தளர்ந்து தொங்கியது.

கோடியில் நின்று அவர் கழற்றப்போனார். நான் வாயிலிருந்ததை எடுத்துவிட்டு, இப்போது எனக்கு மாட்டிவிடுங்கள் என்றேன். எதற்கு என்று கண்ணாலே கேட்டார். முன்னால் போகிறவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவேண்டும், திரும்பி முதுகைக் காட்டினேன். சிலிண்டர் முதுகை இழுத்தது, இவ்வளவு கனமா, இருபது வருஷமாக இதைச் சுமக்கிறாரா. நீள ஓஸை அவரிடம் கொடுத்துவிட்டுக் கழுத்தில் இருந்ததை நான் கடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன். முன்னால் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு சுவர், கொஞ்சம் பாசி, தன் மூச்சுச் சத்தம். பின்னால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு ஒரே அடையாளம், விலாவில் ஓஸ் லேசாக உரசுவதுதான். பாதிவழியில் உரசல் நின்றது. இன்னும் ஒரு எட்டு வைக்கத் தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தேன். மெல்ல ஓர் இழுப்பு, அவ்வளவுதான், பின்னால் அவர் வரவில்லை. கூப்பிட வாய் இல்லை, திரும்ப இடம் இல்லை. ஒரு எட்டு பின்னால் வைத்தேன். இன்னொரு எட்டு. சிலிண்டர் எதிலோ மெத்தென்று முட்டியது, அவர் நெஞ்சாக இருக்கவேண்டும். அவர் உடம்பு குலுங்குவது இரும்பு வழியாக என் முதுகுக்கு வந்தது. எட்டு மாதத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, இப்போதும் பார்க்க முடியவில்லை. வலது கையைத் தோளுக்கு மேல் பின்னால் விட்டுத் தடவினேன். காது கிடைத்தது, ஈரமான கன்னம் கிடைத்தது, வாய் கிடைத்தது. அவர் விட்ட மூச்சு வாயில் கடித்திருந்த ரெகுலேட்டரின் ஓரத்து வழியாக என் மணிக்கட்டில் சூடாகப் பட்டது, நின்றது, மறுபடி பட்டது. கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் முன்னால், அவர் பின்னால், மீதிச் சந்தை நடந்தோம்.